பதினான்கு பேர்

தண்டர் பே நகரில் பிப்ரவரி என்றால்
மூச்சு மீசையில் உறைந்து குத்தும்.
மீசை இல்லாத எனக்கும் குத்தும்.
அந்தக் குளிரில், சலவைக்கடைக்குக் கீழே,
நெல்லோவின் நிலவறைக் கதவைப் பிடித்துக்கொண்டு
தலைகளை எண்ணுவது என் வேலை.
சம்பளம் கிடையாது.
ஒரு பியர் உண்டு, பாட்டு உண்டு.

ஆளுக்கு ஐந்து டாலர், பிஸ்கட் டப்பாவில்.
மூடியில் ஒரு குதிரை, முகம் தேய்ந்தது.
கொடுத்தவர் மணிக்கட்டில் முத்திரை விழும்:
மூடிப்போன நூலகத்தின் ஏலத்தில் நெல்லோ வாங்கியது.
'திருப்பித் தரவேண்டிய நாள்.'
தேதிச் சக்கரம் இறுகிவிட்டதால்
எங்களுக்கு எல்லா வெள்ளியும் மார்ச் ஒன்பது.

இன்று வாவாவிலிருந்து மூன்று பேர்.
ஏரியை ஒட்டியே ஐந்நூறு கிலோமீட்டர்,
ஹீட்டர் செத்த வேனில்.
கிட்டார் பெட்டிக்குக் கம்பளியைப் போர்த்திவிட்டு
தாங்கள் நடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.
டிரம்ஸ் அடிக்கும் ஓடெட்
சூப்பைக் குடிக்கவில்லை, கிண்ணத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள்.
விற்பதற்கு ஆறு டி-ஷர்ட். எல்லாம் சின்ன அளவு.

எட்டு மணிக்கு நான்கு பேர்.
அதில் இருவர் பூல் ஆட வந்தவர்கள்.
மேசையை மேடைக்காக ஓரங்கட்டிவிட்டோம் என்றதும்
போவதா இருப்பதா என்று
கோட்டைக் கழற்றாமலே நிற்கிறார்கள்.
தோய்வோ வழக்கம்போல
காகித ஆலை ஷிப்ட் முடிந்து நேராக வந்து
ஸ்பீக்கருக்கு எதிரே, காதில் அடைப்பானோடு.
"முப்பது வருஷம் எந்திரம் தின்றது போக
மிச்சக் காது இது. இதற்காகத்தான் வைத்திருக்கிறேன்."

எட்டரைக்கு ஒன்பது. ஒன்பதுக்குப் பதிமூன்று.
அதோடு கதவு அசையவில்லை.
"நம்ம ஊரில் ஒண்ணுமே நடக்கிறதில்லை" என்று
திங்கட்கிழமை ரொட்டிக் கவுண்டரில்
என்னிடம் அலுத்துக்கொள்ளும் அத்தனை பேரையும்
ஒவ்வொருவராய் நினைத்துக்கொண்டேன்.
அவர்கள் வீட்டு சோபாக்கள் மெத்தென்று இருக்க வேண்டும்.

முதல் பாட்டு சுமார். உள்ளதைச் சொல்ல வேண்டும்.
இரண்டாவதில் பாடுகிறவன் ஒரு வரியை மறந்து
அடுத்த வரியை இரண்டு தடவை பாடினான்.
மூன்றாவதில் தந்தி அறுந்தது.
அவன் குனிந்து மாற்றிக்கொண்டிருக்க
ஓடெட் நிறுத்தவில்லை.
பேஸ் வாசிப்பவன் அவளைப் பார்த்தான், கூடவே போனான்.
மேலே யாரோ உலர்த்தி எந்திரத்தில்
பூட்ஸைப் போட்டிருக்க வேண்டும்:
தடக், தடக், தடக் என்றது கூரை.
ஓடெட் அண்ணாந்து பார்த்தாள்,
சிரித்தாள்,
அந்தப் பூட்ஸைத் தாளத்தில் சேர்த்துக்கொண்டாள்.

பூல் ஆட வந்தவர்களின் கோட்டுகள்
எப்போது தரைக்கு வந்தன, நான் பார்க்கவில்லை.
மார்லீனும் அவள் முன்னாள் கணவனும்
எதிரெதிர் மூலைகளில்
ஒரே அசைவாய்த் தலையாட்டினார்கள்.
உலர்த்தி நின்றபோது யாரோ கத்தினார்கள்:
"மேலே போய் இன்னொரு காசு போடுங்கப்பா!"
போட்டார்கள்.
நான்கு தடவை.

பன்னிரண்டு மணி.
தோய்வோ தன் தலைகூட நுழையாத டி-ஷர்ட் இரண்டு வாங்கினார்.
டப்பாவில் அறுபத்தைந்து டாலர்.
வேனுக்குப் பெட்ரோல் மட்டுமே நூறு தாண்டும்.
புது பூட்ஸுக்கு வைத்திருந்த அறுபதை
குதிரைக்கு அடியில் நழுவவிட்டு
"இருபத்தைந்து பேர், மோசமில்லை" என்றேன்.

ஓடெட் எண்ணாமல் சட்டைப் பையில் வைத்தாள்.
"டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து
எல்லார் முகமும் தெரியும்," என்றாள்.
"பதினான்கு. உன்னையும் சேர்த்து."
திருப்பித் தந்துவிடுவாளோ என்று பயந்தேன்.
தரவில்லை. மணிக்கட்டை நீட்டினாள்.
குத்தினேன், மார்ச் ஒன்பது.

காலை ஏழு மணி, ரொட்டிக் கவுண்டர்.
பழைய பூட்ஸுக்குள் பனி புகுந்து உருகியிருந்தது.
ரை ரொட்டிக்குக் காசு நீட்டிய கையில்
மங்கலாய் அதே தேதி.
பூல் ஆட வந்தவர்களில் உயரமானவர்.
சில்லறையை வாங்கிய பிறகும் நகரவில்லை.
பின்னால் வரிசை முனகியது.

"அடுத்த வெள்ளி யார்?"